பலாமர பேஸ் கிட்டார், ஆறு வருஷத்துக்கு அப்புறம்

இந்த பேஸ் என் கைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வந்த வாரமே எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கும், அந்த வருஷக் கடைசியில் எழுதியிருந்தால் முழுக்கப் புலம்பலாக இருந்திருக்கும், அதனால் எழுதாமலே வைத்திருந்தேன். இப்போது ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டு ஆராதனை, முகூர்த்த மாதங்களில் ஏழெட்டு ரிசப்ஷன் கச்சேரி, நடுநடுவே ரெக்கார்டிங் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பேஸ்தான் என்னோடு வந்திருக்கிறது. கையால் செய்த பேஸ் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தவருடைய பட்டறை பஸ் ஏறிப் போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும், நெக்கைத் திருத்தும் ஆலன் கீயை (ஆறு பட்டைச் சாவி) கையில் எடுக்க உங்களுக்கும் மனம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். இரண்டும் இருந்தால் தயங்கவே வேண்டாம், கொடுத்த பணத்துக்கு மேலேயே வாசிப்பில் பலன் வரும். ஏன் என்பதுதான் மீதி.

செய்தவர் பெயரைப் போடவில்லை. அவர் வேலையில் வந்த குறைகளையும் எழுதப்போகிறேன், அதற்குப் பெயர் எதற்கு. சென்னைக்கு வெளியே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் அவர் பட்டறை. ஒரே ஆள், உதவிக்கு ஒரு பையன், வருஷத்துக்கு எட்டோ பத்தோதான் செய்கிறார்.

அதுவரை என்னிடம் இருந்தது சாதாரண ஃபேக்டரி பேஸ், நாலு ஸ்ட்ரிங். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சர்ச்சில் பாட்டை டி-யிலும் இ ஃப்ளாட்டிலும் எடுக்கிறவர்கள் அதிகம், நாலு ஸ்ட்ரிங் பேஸ் கீழே இ-யோடு நின்றுவிடும், அந்தக் கீழ் நோட்டு இல்லாமல் ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் பாட்டுக்கு அடியில் தரை இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. சரி, ஐந்து ஸ்ட்ரிங் பார்க்கலாம் என்று கடை கடையாக ஏறினேன். பிடித்துப் பார்த்ததெல்லாம் நட்டு பக்கம் (நெக்கின் தலைப்பக்கத்தில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் இடம்) 45 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், சிலது 48. எனக்குக் கை சின்னது. கீழ் பி ஸ்ட்ரிங்குக்கு விரல் போவதற்குள் மணிக்கட்டு வளைந்துகொள்ளும், ஒரு மணி நேரம் வாசித்தால் முழங்கை வரைக்கும் வலி. அப்போதுதான் கைக்கு அளவெடுத்துச் செய்து வாங்கலாம் என்று தோன்றியது.

கையால் செய்த பேஸ் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது அலெம்பிக், 1983-ல் புரூக்ளினில் தொடங்கிய ஃபொடேரா மாதிரிப் பெயர்கள்தான். அந்த விலைக்கும் அதற்கு மேல் கட்ட வேண்டிய சுங்க வரிக்கும் நான் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆனால் அந்த உலகத்திலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். இன்றைக்குப் பலரும் வாசிக்கிற, கீழே பி, மேலே சி என்று கட்டும் ஆறு ஸ்ட்ரிங் பேஸ் எங்கிருந்து வந்தது? 1975-ல் அமெரிக்க பேஸ் கலைஞர் அந்தோனி ஜாக்சன் தனக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு, கார்ல் தாம்சன் தன் பட்டறையில் செய்து கொடுத்தார். ஃபேக்டரிகள் அதைச் செய்ய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் நாள் பட்டறையில் அவர் மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு பேஸை என் தோளில் மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார், நின்றுகொண்டு, உட்கார்ந்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. நான் வாசிக்க வாசிக்க நெக்கின் பின்பக்கம் என் கட்டைவிரல் எங்கே போய் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டார். நட்டு 43 மில்லிமீட்டர், பாடியில் ஸ்ட்ரிங்குகள் முடியும் பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் 17 என்று முடிவானது அப்படித்தான். அதற்கப்புறம்தான் மரம். ஒரு மூலையில் பழைய வீட்டு உத்தரம் ஒன்று அறுத்து அடுக்கியிருந்தது, பலா. என் அத்தை வீட்டில் இருக்கும் வீணையும் பலாதான், தஞ்சாவூரில் செய்தது, அதனால் பார்த்ததும் இதிலேயே பண்ணிவிடுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே, "பாடிக்கு எந்த மரம் போட்டாலும் பெரிய வித்தியாசம் காதுக்குத் தெரியாது தம்பி, நெக்குக்கு மட்டும் காசு பார்க்காதீங்க" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது அன்றைக்கே எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

கடைசியில் வந்து சேர்ந்தது இது: பலாமர பாடி, ஆளிவிதை எண்ணெய் பூச்சு. மூன்று துண்டாக ஒட்டிய மேப்பிள் நெக், மேலே ஈட்டி மர ஃப்ரெட்போர்டு. ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங்கின் நீளம், 34 அங்குலம். போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், ஃப்ரெட், 24. நெக்கு ஐந்து போல்ட்டில் பாடியோடு நிற்கிறது. ஜாஸ் பேஸ் பாணியில் இரண்டு பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்), உள்ளே சவுண்டைக் கூட்டித் திருத்தும் 9 வோல்ட் ப்ரீஆம்ப், பேட்டரி போனாலும் வாசிக்க ஒரு பைபாஸ் சுவிட்ச். எடை 4.2 கிலோ. விலை ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். ஆறு மாதத்தில் தருகிறேன் என்றவர் பதினோரு மாதத்தில் தந்தார். இந்தத் தாமதம் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. பாதிப் பணம் முன்பணம், போன் எடுக்காத வாரங்களும் உண்டு. ஆர்டர் கொடுப்பவர்கள் சொன்ன காலத்தை மனதில் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஈட்டியைப் பற்றி ஒன்று. உலகத்தில் எத்தனையோ கிட்டார்களின் ஃப்ரெட்போர்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற இந்த மரம்தான். 2017 ஜனவரியில் ஈட்டி வகை மரங்கள் முழுவதையும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைடீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், அதிலிருந்து ஈட்டி வைத்த கிட்டாரை விற்பதற்காக எல்லை தாண்டி அனுப்ப வேண்டும் என்றாலே காகிதம் கேட்டார்கள். 2019 நவம்பர் கடைசியில்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது. என் பேஸ் பட்டறையில் இருந்த காலம் சரியாக அதன் நடுவில். வெளிநாட்டு ஆர்டருக்கு வேறு மரம் போட்டுக்கொண்டிருந்த அவர், எனக்கு மட்டும் தான் வெகுநாளாக வைத்திருந்த ஈட்டிப் பலகையை எடுத்தார். அந்தப் பலகையால் வந்த தொல்லையைக் கீழே சொல்கிறேன்.

சவுண்ட். பலா என்பதால் இப்படிக் கேட்கிறது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அண்ணா சொன்னதுதான் சரி. ஆனால் நெக்கு விறைப்பாக இருப்பதால் பி ஸ்ட்ரிங் கீழ்வரைக்கும் தெளிவாக நிற்கிறது. திறந்த பி ஸ்ட்ரிங் நொடிக்கு 31 அதிர்வுக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் நிறைய அந்த இடத்தில்தான் கொழகொழவென்று ஆகிவிடும், என்ன நோட்டு என்றே புரியாது. பி-க்காக 35 அங்குல ஸ்கேல் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார். என் கைக்கு அது எட்டாது, அப்புறம் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் அந்த 31-ஐ எப்படியும் முழுசாகக் கொடுக்காது, அதற்கு மேலே இருக்கிற ஹார்மானிக்ஸ்தான் காதுக்கு வரும், அது சுத்தமாக இருந்தால் போதும் என்றார். ஆறு வருஷத்தில் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று ஒவ்வொரு மண்டபத்திலும் பார்த்துவிட்டேன். ராஜா பாட்டு வாசிக்கும்போது பேஸ் மேலே ஏறிப் பாடுகிற மாதிரி வரும் இடங்கள் நிறைய இருக்குமே, அங்கே 12-வது ஃப்ரெட்டைத் தாண்டியும் குரல் மெலியாமல் வருகிறது. முதல் முறை அது காதில் விழுந்தபோது கீபோர்டு வாசிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கே பதினோரு மாதக் காத்திருப்பு ஆறிவிட்டது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் வருஷ டிசம்பரில் ஒரு ரெக்கார்டிங். ஸ்டுடியோவில் ராத்திரி பகலாக ஏசி, மூன்று நாள் பேஸை அங்கேயே ஸ்டாண்டில் விட்டிருந்தேன். மூன்றாவது நாள் காலை எடுத்து நெக்கில் கையை ஓட்டினால், ஓரம் முழுக்க ரம்பம். ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையும் மரத்தைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் கோடு கோடாகக் கீறல், அந்த டேக்கை வாசித்து முடித்தபோது விரலில் எரிச்சல் தாங்கவில்லை. காரணம் எளிது. மரம் ஈரம் இழந்தால் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது. போர்டு உள்ளே போய்விட, ஃப்ரெட் வெளியே வந்து நிற்கிறது. ஃபேக்டரி பேஸிலும் இது வரும். ஆனால் என் பேஸில் இந்த அளவுக்கு வந்ததற்குக் காரணம் அந்த ஈட்டிப் பலகை உள்ளே முழுக்கக் காயாமல் இருந்ததுதான்.

எடுத்துக்கொண்டு போனேன். அவர் நெக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது என் தப்பு தம்பி, இன்னும் ஒரு வருஷம் விட்டிருக்கணும்" என்றார். போர்டின் ஓரத்தில் டேப் ஒட்டினார். நீளமான அரத்தை ஓரத்தோடு சாய்த்து வைத்து ஒரே வாக்கில் இழுத்து எல்லா முனைகளையும் மரத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் சின்ன அரத்தால் 24 ஃப்ரெட்டிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனையாக உருட்டினார், 48 முனை. கடைசியில் உப்புத்தாள், அதற்கு மேல் மெல்லிய ஸ்டீல் வூல். ஸ்டீல் வூலைத் தொடுவதற்கு முன்னால் பிக்கப் இரண்டையும் டேப் போட்டு மூடினார், இல்லாவிட்டால் காந்தம் இரும்புத் தூள் முழுவதையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மதியத்திலிருந்து இருட்டும் வரை ஆனது. காசு வாங்கவில்லை. நெக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஓரம் பழைய சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு முனைகூட நீட்டவில்லை, மரம் அடங்கிவிட்டது. பஸ் தூரம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இந்த ஒரு மதியத்துக்காக. இதே பேஸைக் கூரியரில் வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அனுப்பவும் திரும்ப வரவுமே மனம் விட்டுப்போயிருக்கும்.

இரண்டாவது, ஸ்ட்ராப் பட்டன். ஒரு ரிசப்ஷனில், இரண்டாவது பாட்டில், பின்பக்கத்துப் பட்டன் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல காலம் இடது கை நெக்கைப் பிடித்திருந்தது, தொடையில் இடித்துக்கொண்டேன், பேஸ் தப்பித்தது. மீதிக் கச்சேரியை உட்கார்ந்து வாசித்தேன். பலா ஓரளவு மிருதுவான மரம், அதற்கு அந்தத் திருகு ரொம்பக் குட்டை. ஓட்டைக்குள் ஃபெவிகால் விட்டு, பல்குச்சிகளை நெருக்கி அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, நீளமான திருகு போட்டேன். இதை நானேதான் செய்தேன். நாலு வருஷமாக அசையவில்லை. கையோடு ஸ்ட்ராப் லாக்கும் போட்டுவிட்டேன். எந்த பேஸாக இருந்தாலும் வாங்கிய அன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவதைக் குறை என்று சொல்ல முடியாது, என் பழக்கம் மாற வேண்டியிருந்தது. ப்ரீஆம்ப் உள்ள பேஸில் கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், பேட்டரியை நிறுத்தத் தனி சுவிட்ச் கிடையாது, கேபிள் செருகும் ஜாக்தான் சுவிட்ச். வாசித்து முடித்துக் கேபிளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினால் வாசிக்காமலே தீரும். பேட்டரி தீரும்போது முதலில் சவுண்ட் குறையாது, பலமாக அடிக்கிற நோட்டுகள் கரகரக்கும். ஸ்பீக்கரில் கோளாறு என்று சவுண்ட் என்ஜினியரோடு ஒரு முறை அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், கடைசியில் பேட்டரி. இப்போது பையில் எப்போதும் ஒரு புது 9 வோல்ட், ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின வாரம் மாற்றிவிடுவேன்.

கரண்ட் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பேஸின் ஸ்ட்ரிங் எல்லாம் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும், இரைச்சல் வராமல் இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் திறந்தவெளி மேடையில் எர்த் சரியில்லாத இடத்தில், கை ஸ்ட்ரிங்கில் இருக்க உதடு மைக்கில் பட்டால் சுருக்கென்று அடிக்கும். எனக்கு ஒரு திருவிழா மேடையில் அடித்திருக்கிறது, அன்றைக்குத் தப்பியது கடவுள் புண்ணியம். பேஸில் தப்பு இல்லை, லைனில்தான். மைக் பக்கம் போவதற்கு முன்னால் லைன் டெஸ்டரை ஸ்ட்ரிங்கிலும் மைக்கின் வலையிலும் வைத்துப் பாருங்கள், எரிந்தால் எலக்ட்ரீஷியன் வரும் வரை எதையும் தொட வேண்டாம். டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது, மேடைக்கு எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாட வேண்டியிருந்தால் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி பராமரிப்பு. சென்னையில் மர வாத்தியம் வைத்திருப்பது என்பதே காற்றில் இருக்கும் ஈரத்தோடு வாழ்வதுதான். இந்த மாதிரி வாத்தியங்களுக்கு 45-லிருந்து 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். என் அறையில் தொங்கும் மீட்டர் கோடையிலேயே 65-ஐக் காட்டும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் 85-ஐத் தொடும். அங்கிருந்து நேராக ஏசி மண்டபத்துக்குள் போகிறோம். ஐந்து ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுப்பு 90 கிலோவுக்கு மேல். அதற்கு எதிராக நெக்குக்குள் நிற்பது ஒரு இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட். மரம் ஈரம் குடித்தும் விட்டும் அசையும்போது அந்தச் சமன் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான் விஷயம். நெக் வளைந்துவிட்டது, பேஸ் போச்சு என்று பயப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது திருத்துவதற்காகவே வைத்திருக்கிற கம்பி.

நான் பார்க்கிற விதம் இது. பேஸை ட்யூன் செய்துகொண்டு, வாசிக்கிற நிலையில் மடியில் வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை வலது கை விரலால் அழுத்துவேன். இப்போது ஸ்ட்ரிங்கே ஒரு அளவுகோல். 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கத்தில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் எனக்குச் சரி. அளக்க ஃபீலர் கேஜ், சென்னை ஜி.பி. ரோட்டில் பைக் மெக்கானிக்குகள் டேப்பட் செட் பண்ண வாங்குவதுதான். அது இல்லையென்றால் கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு போதும், ஏறக்குறைய அதே தடிமன். இடைவெளி அதிகமென்றால் ராடை இறுக்க வேண்டும், நெக் நேராகும். இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது, திருப்ப மறுத்தால் பலம் போடக் கூடாது. திருப்பியதும் மறுபடி ட்யூன் செய்து, ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் கேட்கும். என் பேஸ் மழைக்காலத்தில் முன்னால் வளைகிறது, பங்குனி வந்தால் திரும்பிவிடுகிறது. உங்களுடையது எதிர்த்திசையில்கூடப் போகலாம், அதனால் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வருஷக் குறிப்பு இருந்தால் உங்கள் நெக்கின் குணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நெக் சரியான பிறகுதான் மற்றவை. ஸ்ட்ரிங் உயரத்தைத் திருத்துவது பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலில், 12-வது ஃப்ரெட்டில் எனக்கு ஜி பக்கம் 2 மில்லிமீட்டர், பி பக்கம் 2.5. அதற்கப்புறம் இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்க வைப்பது. 12-வது ஃப்ரெட்டில் விரலால் லேசாகத் தொட்டு ஹார்மானிக் ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. அழுத்தின நோட்டு ட்யூனரில் மேலே போனால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், கீழே போனால் முன்னால். இந்த வரிசையை மாற்றிச் செய்து மூன்று மணி நேரம் வீணாக்குகிறவர்கள் ரொம்பப் பேர்.

எண்ணெய்ப் பூச்சு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் வேலை வைக்கும். கண்ணாடி மாதிரி லேக்கர் இல்லாததால் கையில் மரமே படும், அதே காரணத்தால் வியர்வையும் மரத்துக்கே போகும். வருஷத்துக்கு ஒரு முறை, மழை முடிந்து தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்ட்ரிங்கைக் கழற்றி, ரொம்ப மெல்லிய உப்புத்தாளால் மரத்தின் ரேகையோடு லேசாக ஒரு தடவல், துணியில் துடைப்பு, அப்புறம் ஆளிவிதை எண்ணெயைக் கைக்குட்டை அளவு பழைய வேட்டித் துணியில் தொட்டு, வட்டமாக இல்லாமல் ரேகை போகிற பக்கமே தேய்ப்பேன். முதல் வருஷம் மஞ்சளாக, மஞ்சள் கிழங்கை நறுக்கிய மாதிரி இருந்த பலா, இப்போது வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. வலது முழங்கை படுகிற இடம் மட்டும் இன்னும் கறுப்பு. எண்ணெய் தொட்டதும் ரேகைகள் மேலே எழுந்து வருவதைப் பார்ப்பதற்காகவே என் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கால் மணி நேரம் கழித்து மிச்ச எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், விட்டால் பிசுக்கென்று ஒட்டும்.

அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். கூடாது. அது காயவே காயாது, மரத்தில் நின்று சிக்கு வாடை அடிக்கும். ஈட்டி போர்டுக்குக் கடையில் ஃப்ரெட்போர்டுக்கென்றே விற்கும் எலுமிச்சை எண்ணெய் வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலைந்து சொட்டு போதும்.

2020 ஊரடங்கில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். சர்ச் மூடிவிட்டார்கள், கல்யாணம் இல்லை, பேஸைப் பத்திரமாகக் கேஸில் வைத்துப் பூட்டி பரண்மேல் ஏற்றிவிட்டேன். மனமும் சரியில்லை. செப்டம்பரில் இறக்கித் திறந்தால் தோல் ஸ்ட்ராப் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை, ஸ்ட்ரிங்கில் துரு, நெக் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அதைச் சரி செய்ய ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அத்தை வீணையை ஒரு நாளும் மூடி வைத்ததில்லை, கூடத்தில்தான் இருக்கும், மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் பதிக்கிறவரை, கூப்பிட்டுவிடுவார். நானும் அப்படித்தான் இப்போது. சுவரில் மாட்டியிருக்கிறேன், வெயில் விழாத உள்சுவர், வெளிச்சுவர் என்றால் மழையில் ஓதம் ஏறும். கேஸுக்குள் போவது பயணத்துக்கு மட்டும். கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது வேண்டவே வேண்டாம்.

ஸ்ட்ரிங் தடிமன், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்: 45, 65, 80, 100, 130. கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் என் வியர்வையும் சேர்ந்து மூன்று மாதத்தில் சவுண்டை அமுக்கிவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கம் சேர்த்துப் பருத்தித் துணியால் துடைத்தால் ஐந்து மாதம் வரும். பழைய செட்டைக் கழற்றித் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு நன்றாகக் காயவைத்துப் போட்டால் அழுக்கு விட்டு ஒன்றிரண்டு கச்சேரிக்குப் பளிச்சென்று இருக்கும், காசு இல்லாத மாதங்களில் நானே செய்திருக்கிறேன்.

பணம். வருஷத்துக்கு ஸ்ட்ரிங், பேட்டரி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரம் வரை ஆகிறது. விற்க நினைத்தால் நஷ்டம்தான், பெயர் தெரியாத பட்டறை பேஸுக்குக் கடையில் பாதி விலைகூடச் சொல்ல மாட்டார்கள், அதிலும் 43 மில்லிமீட்டர் நட்டு என் கைக்குச் செய்தது. திரும்ப விற்று வேறு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் ஃபேக்டரி பேஸே வாங்குங்கள், அதில் தப்பில்லை.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் அங்கே சில விஷயங்களைக் கேளுங்கள். நெக் மரமும் போர்டு மரமும் அறுத்து எத்தனை வருஷம் ஆனது என்று. ட்ரஸ் ராடை ஸ்ட்ரிங் கழற்றாமல் திருப்ப முடியுமா என்று, என்னுடையதில் நெக்கின் அடியில் சக்கரம் மாதிரி இருக்கிறது, சின்னக் கம்பியால் திருப்பிவிடலாம். நெக் போல்ட்டில் நிற்கட்டும், பாடிக்குள் ஊடுருவி ஒட்டிய நெக் பார்க்க அழகு, ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஒரு நாள் கோணம் மாறினால் போல்ட் நெக்கைக் கழற்றித் திருத்துகிற சுலபம் அதில் வராது. ப்ரீஆம்ப் வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்த வேறொரு பேஸைக் காட்டச் சொல்லி அதன் நெக் ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள்.

இந்த மாதம் என் பேஸுக்கு முதல் முறையாக ஃப்ரெட் லெவலிங், தேய்ந்த ஃப்ரெட்டுகளை ஒரே சமமாக அராவுவது. 5-வது ஃப்ரெட்டிலும் 7-வதிலும் ஸ்ட்ரிங் குடைந்த பள்ளம் நகத்துக்குத் தட்டுகிறது, டி ஸ்ட்ரிங்கில் லேசாகச் சலசலப்பு. போன் செய்தேன். அவர் குரல் கேட்டதும் முதலில் கேட்டது ஓரம் ஏதாவது நீட்டுகிறதா என்றுதான். இல்லை அண்ணா என்றேன். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறார்.